பூவுக்கு வரும் தேனீயை எண்ணும் முன்: முதல் கள ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சூழலியலிலோ பரிணாம உயிரியலிலோ முதல் முறையாகச் சொந்தமாகக் கள ஆய்வு தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆய்வு களத்தில் கெடுவது குறைவு. களத்துக்குப் போகும் முன்பே, செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறியதால் கெட்டுவிடுகிறது. தரவை முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் அதில் என்ன கேட்கலாம் என்று தேடினால், ஒரு பூக்கும் பருவம் முழுக்க உழைத்தும் கையில் பதில் இருக்காது.

கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டோடு போகிறேன்: ஒரு செடியில் ஒரே நேரத்தில் நிறையப் பூக்கள் விரிந்திருப்பது அந்தச் செடிக்கு லாபமா? பார்க்க எளிய கேள்வி. ஆனால் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாமே இதற்குள் இருக்கின்றன. உங்கள் ஆய்வு தவளையைப் பற்றியதாக இருந்தாலும் எறும்பைப் பற்றியதாக இருந்தாலும் வரிசை இதேதான்.

தேவையான பொருட்கள் குறைவு. கெட்டி அட்டை நோட்டு, பென்சில், கடிகாரம், செடிகளில் கட்ட எண் சீட்டு, கை லென்ஸ், காலிப்பர், மெல்லிய வலைத் துணிப் பைகள், இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ் உள்ள போன், கணினியில் ஆர் போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள். இவற்றைவிட முக்கியம் காலம். உங்கள் செடி எப்போது பூக்கத் தொடங்கி எப்போது முடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பல மாதங்கள் முன்பே கீழே உள்ள முதல் படியைத் தொடங்குங்கள்.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"தேனீக்களும் பூக்களும்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. கேள்வி என்றால் எது மாறுகிறது, அதனால் எது மாறும் என்று எதிர்பார்க்கிறோம், எந்த உயிரினத்தில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில்: "இந்தச் செடியில் விரிந்த பூக்களின் எண்ணிக்கை கூடினால், பூ ஒன்றுக்குக் கிடைக்கும் தேனீ வருகை கூடுகிறதா?"

இதில் "பூ ஒன்றுக்கு" என்பதைக் கவனியுங்கள். நிறையப் பூ உள்ள செடிக்கு நிறையத் தேனீ வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வந்த தேனீக்கள் அத்தனை பூக்களுக்கும் பங்கிடப்படும்போது ஒரு பூவுக்குக் கிடைப்பது கூடலாம், மாறாமலும் இருக்கலாம், குறையவும் செய்யலாம். இந்த மூன்றையும் கேள்விக்குக் கீழே தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றும் ஏன் நடக்கக்கூடும் என்று ஒரு வரி சேருங்கள். எந்த முடிவு வந்தாலும் உங்கள் கருதுகோள் சரிதான் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் எதையும் சோதிக்கவில்லை.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுக்க வேண்டும். தேனீ வருகை சூழலியல் கேள்வி. நிறையப் பூ பூக்கும் தன்மையை இயற்கைத் தேர்வு ஆதரிக்கிறதா என்பது பரிணாமக் கேள்வி. இரண்டாவதற்கு வருகையை எண்ணினால் போதாது; விதைகளையும் எண்ண வேண்டும். ஒரு தேனீ ஒரே செடிக்குள் பூ விட்டுப் பூ தாவினால், அந்தச் செடியின் மகரந்தமே அதன் சூல்முடியில் போய் ஒட்டும். தன் மகரந்தத்தை ஏற்காத செடியில் அப்படி வந்த நூறு வருகையும் ஒரு விதை தராமல் போகலாம். விதை தேவை என்று பருவத்தின் நடுவில் தோன்றினால், ஆரம்பத்தில் பூத்தவற்றின் காய்கள் அதற்குள் வெடித்திருக்கும்.

2. ஒன்றையும் அளக்காமல் சில நாள் பாருங்கள்

கேள்வி எழுதியதும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சில நாட்கள், விடியலில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று செடிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பூ எப்போது விரிகிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் யார் வருகிறார்கள், வந்தவர்களின் உடம்பு பூவின் எந்தப் பாகத்தில் படுகிறது என்று எழுதுங்கள்.

ஏன் என்று ஒரு காட்சியால் சொல்கிறேன். குழல் போன்ற பூவுக்கு ஒரு பெரிய கறுப்புத் தச்சுத் தேனீ வருகிறது. அது பூவின் வாய்ப்பக்கம் போவதே இல்லை. வெளியில் குழலின் அடியில் உட்கார்ந்து, அங்கே கீறி, அந்தக் கீறல் வழியாகத் தேனை உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடுகிறது. மகரந்தப்பையையும் தொடவில்லை, சூல்முடியையும் தொடவில்லை. இதை "வருகை" என்று எண்ணுவீர்களா? இது தேன் திருட்டு. தூரத்தில் நின்று "கறுப்புத் தேனீ, 1" என்று குறித்தவருக்குத் திருட்டுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் வித்தியாசமே தெரியாது.

எனவே இந்த நாட்களின் முடிவில் விதி ஒன்றை எழுதி வையுங்கள்: பூச்சியின் உடல் மகரந்தப்பையையோ சூல்முடியையோ தொட்டால்தான் வருகை, அடியில் கீறினால் திருட்டு, அதற்குத் தரவு அட்டவணையில் தனிப் பத்தி (நெடுவரிசை). பருவம் தொடங்கிய பிறகு இந்த விதி மாறக் கூடாது.

இன்னொரு சோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள். சில மொட்டுகளுக்கு மெல்லிய வலைப் பை கட்டி மூடுங்கள். பூச்சியே தொடாத அந்தப் பூக்கள் நன்றாக விதை பிடித்தால், இந்தச் செடிக்குத் தேனீ அவ்வளவு அவசியம் இல்லை. அப்படியென்றால் கேள்வியையோ செடியையோ மாற்ற வேண்டும். இதை இரண்டாவது படியில் தெரிந்துகொள்வதற்கும் பத்தாவது படியில் தெரிந்துகொள்வதற்கும் இடையில் ஒரு வருடம் இருக்கிறது.

3. படிக்கும்போது முறையியலில் தொடங்குங்கள்

புதியவர்கள் கட்டுரைகளின் சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. எத்தனை செடி, எவ்வளவு நேரம், எந்த நேரத்தில், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் ஒரு அட்டவணையில் எழுதிக்கொண்டே போங்கள். ஒத்த உயிரினத்தில் நடந்த சில நல்ல ஆய்வுகள் போதும். அட்டவணை நிரம்பியதும் உங்கள் திட்டத்தின் அளவு சரியா என்று தானாகவே தெரியும்.

4. உங்கள் அலகு எது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பத்துச் செடிகள். ஒவ்வொன்றிலும் முப்பது பூக்கள். மாதிரி எண்ணிக்கை எவ்வளவு? பலரும் 300 என்கிறார்கள். சரியான பதில் 10. உங்கள் கேள்வி செடியின் பூ எண்ணிக்கையைப் பற்றியது. அந்த எண் செடிக்குச் செடி மாறுகிறது, ஒரே செடியின் பூக்களுக்குள் மாறுவதில்லை. ஒரு செடியின் முப்பது பூக்களும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே வேரில் நிற்பவை. அவை ஒன்றுக்கொன்று சுதந்திரமான சாட்சிகள் இல்லை.

இந்தத் தவறை ஆய்வாளர்கள் சூடோரெப்ளிகேஷன் என்கிறார்கள். 1984ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 176 சூழலியல் சோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார். புள்ளியியல் சோதனை செய்திருந்தவற்றில் 48 சதவீதம் இந்தக் குழியில் விழுந்திருந்தன. அச்சான ஆய்வுகளிலேயே அப்படி. அதனால் இது தொடக்கக்காரர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்காதீர்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: நீங்கள் சோதிக்கும் காரணம் எந்த மட்டத்தில் மாறுகிறதோ, அந்த மட்டம்தான் அலகு. காரணம் செடிக்குச் செடி மாறினால் அலகு செடி. குளத்துக்குக் குளம் மாறினால் அலகு குளம். ஒரு குளத்தில் ஆயிரம் தலைப்பிரட்டை பிடித்தாலும் மாதிரி ஒன்றுதான். எரிந்த காடு ஒன்றையும் எரியாத காடு ஒன்றையும் ஒப்பிட்டால், ஒவ்வொன்றிலும் ஐம்பது சதுரங்கள் போட்டாலும் பக்கத்துக்கு ஒரு காடுதான். இரண்டு காடுகளுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம். அது தீயால் வந்தது என்று சொல்ல முடியாது.

இனங்களை ஒப்பிடுபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இருபது இனங்கள் ஒரே பண்பைக் காட்டினால், அது இருபது முறை உருவாகியிருக்க வேண்டியதில்லை. ஒரே முறை தோன்றி இருபதுக்கும் வழிவழியாக வந்திருக்கலாம். 1985ல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் இதைச் சுட்டிக்காட்டி, இன மரத்தை, அதாவது எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைப்படத்தை, கணக்கில் எடுத்து ஒப்பிடும் முறையைத் தந்தார். இனங்களை வரிசையாக அடுக்கிக் கோடு போடும் முன் அந்த மரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் ஒரு செடியில் எத்தனை பூ பார்ப்பது? செடி ஒவ்வொன்றையும் நம்பகமாக அளக்கத் தேவையான அளவு போதும். மிச்ச நேரத்தை இன்னும் அதிகச் செடிகளுக்குக் கொடுங்கள். பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு அலகுகள் வேண்டும் என்பது புள்ளியியலின் கறாரான விதி. ஒரே செடியில் கூடுதலாகப் பூ பார்த்து இதிலிருந்து தப்ப முடியாது.

5. பார்ப்பதோடு நிற்காமல் மாற்றிப் பாருங்கள்

இயற்கையில் நிறையப் பூ உள்ள செடி எது? நல்ல மண்ணில், நல்ல வெளிச்சத்தில் நிற்பது. வெயில் படும் இடத்தில் தேனீயும் அதிகம் பறக்கும். ஆக, அதிகப் பூவும் அதிக வருகையும் சேர்ந்தே காணப்பட்டால், காரணம் பூவா வெயிலா என்று சொல்ல வழியில்லை.

இதை உடைக்க ஒரே நேர்வழி, பூ எண்ணிக்கையை நீங்களே மாற்றுவது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஏறக்குறைய ஒரே அளவுள்ள செடிகளை ஜோடியாக்குங்கள். நாணயத்தைச் சுண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் பாதிப் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். நாணயம் கட்டாயம். "எதேச்சையாக" நீங்களே தேர்ந்தெடுத்தால், கை எட்டும் செடியையோ பார்க்க அழகான செடியையோதான் கை தேடும். அது உங்களுக்கே தெரியாது.

ஜோடிகளுக்கு நடுவில் போதுமான இடைவெளி விடுங்கள். ஜோடிக்குள்ளும் இரண்டு செடிகள் உரசிக்கொண்டு நின்றால், தேனீக்கு அவை இரண்டும் சேர்ந்து ஒரே பூங்கொத்து. அப்போது கிள்ளிய செடி கிள்ளாத செடியின் கவர்ச்சியைக் கடன் வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது கட்டுப்பாடு. கிள்ளும்போது செடி ஆடுகிறது, கை படுகிறது, காயத்திலிருந்து வாசனை வருகிறது. தேனீ இதற்குக்கூட ஒதுங்கலாம். அதனால் கிள்ளாத செடியையும் அதே நேரம் பிடித்து ஆட்டி, அதே எண்ணிக்கையில் இலைகளைக் கிள்ளுங்கள். கட்டுப்பாடு என்பது "ஒன்றும் செய்யாமல் விட்டது" இல்லை. சோதிக்கும் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செய்தது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் முன்மாதிரி, 1982ல் மால்ட்டே ஆண்டர்சன் வெளியிட்ட சோதனை. கென்யாவில் நீண்ட வால் கொண்ட விடோபேர்ட் என்ற பறவை. ஆணின் வால் அரை மீட்டர் அளவு நீளம். பெண் பறவைகள் நீண்ட வாலைத்தான் விரும்புகின்றனவா என்பது கேள்வி. 36 ஆண்களை எடுத்துக்கொண்டு சிலவற்றின் வாலைக் குட்டையாக வெட்டினார், வெட்டிய துண்டை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி நீளமாக்கினார். நீளமான வால் கொண்டவற்றின் எல்லைக்குள் புதிய கூடுகள் அதிகம் வந்தன. இதில் நான் கவனிக்கச் சொல்வது அவருடைய கட்டுப்பாடுகளை. ஒரு குழுவைத் தொடவே இல்லை. இன்னொரு குழுவின் வாலை வெட்டி, அதே நீளத்தில் திரும்ப ஒட்டினார். வெட்டியதாலும் ஒட்டியதாலும் வித்தியாசம் வந்துவிட்டதோ என்ற சந்தேகத்துக்கு அந்த நான்காவது குழு பதில் சொன்னது. உங்கள் ஆய்வில் அந்த "வெட்டி ஒட்டிய" குழு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிள்ளுவதில் இன்னொரு நுட்பமான பொறி உண்டு. பாதிப் பூக்களை எடுத்துவிட்டால், மிச்சம் உள்ள பூக்களுக்குச் செடியின் சத்து கூடுதலாகக் கிடைக்கும். அதனால் அவற்றில் விதை கூடலாம். அதில் தேனீயின் பங்கு ஒன்றும் இல்லாமலே. வருகையை எண்ண இது தடை இல்லை, அது அன்றே நடந்து முடிகிறது. விதையை ஒப்பிடும்போதுதான் சிக்கல். இதற்கு, இரண்டு வகைச் செடிகளிலும் சில பூக்களுக்கு வேறு செடிகளின் மகரந்தத்தை நீங்களே தூரிகையால் தடவுங்கள். தடவிய பூவுக்கும் தடவாத பூவுக்கும் உள்ள இடைவெளிதான் மகரந்தப் பற்றாக்குறையைக் காட்டும். சத்தின் விளைவு இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும்.

6. அனுமதி

காடு, சரணாலயம், தனியார் நிலம் எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதுகெலும்புள்ள விலங்கைப் பிடிப்பதானால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். மாதிரிகளையோ டிஎன்ஏவையோ நாடு கடந்து அனுப்புவதானால், 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறையின்படி (உயிரின மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) அந்தந்த நாடு வகுத்திருக்கும் விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

இது ஏன் ஆறாவது படி? திட்டம் தெளிவாகாமல் விண்ணப்பித்தால் எத்தனை மாதிரி, எந்த இடம் என்று எழுத முடியாது. திட்டம் முடிந்ததும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் அடுத்த படியைச் செய்யலாம்.

7. பொய்த் தரவைக் கொண்டு பகுப்பாய்வை ஓட்டிப் பாருங்கள்

பெரும்பாலானோர் தவிர்ப்பதும், செய்தவர்கள் அதன்பின் ஒருபோதும் விடாததும் இந்தப் படிதான். களத்துக்குப் போகும் முன், நீங்கள் எதிர்பார்க்கும் வடிவில் கற்பனை எண்களை அட்டவணையில் நிரப்புங்கள். அதை வைத்து வரைபடம் போடுங்கள், பகுப்பாய்வை ஓட்டுங்கள்.

அப்போதுதான் தெரியும், "கவனித்த நேரம்" என்ற பத்தி இல்லை, எந்தச் செடி எந்த ஜோடி என்று எழுத இடம் இல்லை, வானிலை இல்லை என்று. இந்த ஓட்டைகளை மேசையில் அடைக்க ஐந்து நிமிடம் போதும். பருவம் முடிந்த பிறகு எத்தனை மாதம் கொடுத்தாலும் அடைக்க முடியாது. வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். கற்பனை எண்கள் உண்மைத் தரவு இருக்கும் கோப்புறையில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

8. வெள்ளோட்டம்

இப்போது உண்மையான செடிகளில், ஆய்வுக்குச் சேர்க்காத சிலவற்றில், முழு முறையையும் ஒரு முறை செய்து பாருங்கள். பத்து நிமிடம் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யமே வருகிறதா? நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து தேனீ வந்து கண் தொடர முடியவில்லையா? பார்க்கும் பூக்களைக் குறையுங்கள். செடிக்குச் செடி வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால், எத்தனை ஜோடி தேவை என்று கணக்கிட முடியும்.

இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதானால், இருவரும் ஒரே செடியை ஒரே நேரத்தில் பார்த்து, பேசிக்கொள்ளாமல் எழுதி, அப்புறம் ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தும் வரை ஆய்வைத் தொடங்காதீர்கள். பொருந்திய பிறகும் ஒருவர் கிள்ளிய செடிகளையும் மற்றவர் கிள்ளாதவற்றையும் பார்ப்பது கூடாது. அப்படிப் பிரித்தால் ஆளின் வித்தியாசமும் செடியின் வித்தியாசமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

9. தரவுத்தாள்

ஒரு கவனிப்புக்கு ஒரு வரி. ஒரு பத்தியில் ஒரே தகவல். "3 தேனீ, 1 ஈ, லேசான மழை" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அதைப் பிரிக்க நீங்களே பிற்பாடு ஊகிக்க வேண்டியிருக்கும்.

நம் ஆய்வுக்கு வேண்டியவை: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கவனிப்பவர், ஜோடி எண், செடி எண், விரிந்த பூக்கள், பூச்சி வகை, செடிக்கு வந்த முறை, அந்த வரவில் தொட்ட பூக்கள், திருட்டு, வெப்பநிலை, காற்று, குறிப்பு. இதில் "வந்த முறை"யையும் "தொட்ட பூக்கள்" எண்ணிக்கையையும் பிரித்து எழுதுவது உயிர்நாடி. ஒரே தேனீ வந்து பன்னிரண்டு பூ தொட்டதும், பன்னிரண்டு தேனீ வந்து ஒவ்வொரு பூ தொட்டதும் மொத்தத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவதில் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்கிறது.

பூஜ்யம் என்றால் பார்த்தேன், வரவில்லை. வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை. இரண்டையும் கலந்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது. பார்க்காததற்குக் கோடு போடுங்கள். காலியாக ஒரு கட்டமும் விடாதீர்கள்.

10. களத்தில்

ஒவ்வொரு ஜோடியையும் ஒரே நாளில், அடுத்தடுத்துப் பாருங்கள். எதை முதலில் பார்ப்பது என்பதையும் நாணயம் முடிவு செய்யட்டும். காலையில் கிள்ளியவை, மாலையில் கிள்ளாதவை என்று போனால் நீங்கள் அளப்பது நேரத்தை.

பூச்சி மாதிரி எடுத்தால் டிஎன்ஏ வேலைக்கு 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலினில் வேண்டாம். அது டிஎன்ஏவைச் சிதைக்கும். பெயர்ச்சீட்டைக் குப்பியின் உள்ளே போடுங்கள், பென்சிலில் எழுதி. பேனா மை எத்தனாலில் கரைந்து, சில நாளில் நீல நிறத் திரவத்தில் ஒரு வெள்ளைத் தாள் மிதக்கும். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும். சீட்டில் எண் மட்டும் போதாது. இடம், தேதி, பிடித்தவர் மூன்றும் வேண்டும். நோட்டு தொலைந்தாலும் அந்தக் குப்பி தன்னைத்தானே சொல்ல வேண்டும்.

மகரந்தம் எங்கே போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், ஒளிரும் சாயப் பொடியை ஒரு பூவின் மகரந்தப்பையில் லேசாகத் தடவுங்கள். இருட்டிய பிறகு புற ஊதா டார்ச்சோடு சுற்றியுள்ள பூக்களின் சூல்முடிகளைப் பார்த்தால், பொடி போய்ச் சேர்ந்த இடங்கள் மின்னும். அதே செடியில் எத்தனை, அடுத்த செடிகளில் எத்தனை என்று எண்ணினால், முதல் படியில் எழுதிய சந்தேகத்துக்கு நேரடியான சான்று கிடைக்கும்.

11. செடிக்குப் பதில் விலங்கு என்றால்

செடி நின்ற இடத்தில் நிற்கும். விலங்கு ஒளியும். நீங்கள் காணாதது அங்கே இல்லாதது ஆகாது. அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், கண்ணில் படும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எண்ணிக்கை தெரிய, குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறை நல்ல தொடக்கம். 50 நத்தைகளுக்குக் குறியிட்டு விட்டீர்கள். அடுத்த முறை 60 பிடித்ததில் 11ல் குறி இருந்தது. சாப்மன் சூத்திரப்படி 51ஐ 61ஆல் பெருக்கி, 12ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் சுமார் 258. இந்த எண் சரியாக இருக்க, இடையில் யாரும் பிறக்கவோ சாகவோ உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. குறி அழியக் கூடாது. குறியிட்டது மறுபடி சிக்கும் வாய்ப்பு மற்றவற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும். இவற்றில் எது உங்கள் விலங்குக்குப் பொருந்தாது என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

12. அன்றைய தரவை அன்றே ஏற்றுங்கள்

அன்று மாலை நினைவில் இருப்பது அடுத்த வாரம் இருக்காது. "செடி 7ஆ, 1ஆ" என்ற சந்தேகத்தை அன்றே தீர்த்துவிடலாம். தாளைப் படம் எடுத்து வையுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களைக் கவனியுங்கள். மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவிடும் அதன் பழக்கத்தால் வெளியான கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளிலேயே பிழைகள் குவிந்தன. கடைசியில் 2020ல் மனித மரபணுப் பெயரிடும் குழு, மென்பொருளோடு மல்லுக்கு நிற்காமல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. உங்கள் செடி எண் "3-5" என்றிருந்தால் அதுவும் தேதியாகிவிடும். அதனால் எண்களில் கோடு வேண்டாம். தேதியை வருடம், மாதம், நாள் என மூன்று பத்தியாகப் பிரியுங்கள்.

13. பகுப்பாய்வு

முதலில் வரைபடம். ஒவ்வொரு ஜோடியின் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடுகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்கின்றனவா, எந்த ஜோடி மட்டும் விலகி நிற்கிறது என்று எந்தச் சோதனைக்கும் முன்பே தெரியும்.

வருகையைப் பூ எண்ணிக்கையால் வகுத்து விகிதத்தை வைத்து வேலை செய்ய வேண்டாம். 2 பூவில் 1 வருகையும் 40 பூவில் 20 வருகையும் விகிதத்தில் ஒன்று. நம்பகத்தில் ஒன்று இல்லை. வருகையை எண்ணிக்கையாகவே வைத்து, பூ எண்ணிக்கையின் மடக்கையையும் கவனித்த நேரத்தின் மடக்கையையும் ஆஃப்செட்டாக (அளவு வித்தியாசத்தை ஈடுகட்ட மட்டும் மாதிரியில் சேர்ப்பது) சேருங்கள். தேனீக்கள் திரளாக வரும், அல்லது வராமலே இருக்கும் என்பதால் எண்ணிக்கைகளுக்கான எளிய பரவலான பாய்சானை விட, அதிகச் சிதறலை ஏற்கும் நெகட்டிவ் பைனாமியல் பரவல் பெரும்பாலும் பொருந்தும். ஜோடி எண்ணை ரேண்டம் எஃபெக்ட் ஆக்குங்கள்; ஜோடிக்கு ஜோடி இயல்பாக உள்ள வேறுபாட்டை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

பி மதிப்பை (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி எவ்வளவு என்று எழுதுங்கள். ஏழாவது படியில் திட்டமிடாத சோதனை எதையாவது செய்தால், அதைத் திட்டமிட்டதுபோல் எழுதாமல், தேடும்போது கண்டது என்று குறிப்பிடுங்கள்.

பரிணாமக் கேள்விக்கு, கிள்ளாத செடிகளின் விதை எண்ணிக்கையைச் சராசரியால் வகுத்துச் சார்பு வெற்றியாக்குங்கள். பூ எண்ணிக்கையைச் சராசரி 0, திட்ட விலக்கம் 1 ஆக மாற்றுங்கள். இரண்டுக்கும் இடையில் பொருத்தும் கோட்டின் சரிவுதான், 1983ல் பரிணாம உயிரியலாளர்கள் லாண்டேயும் ஆர்னால்டும் தந்த முறையின் அடிப்படை. செடியின் உயரத்தையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் உயரத்தின் பெருமை பூவுக்குப் போய்விடும்.

இந்தச் சரிவு தேர்வைத்தான் காட்டுகிறது, பரிணாமத்தை இல்லை. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜரில் 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோக, கடின விதையை உடைக்கும் தடித்த அலகு கொண்ட ஃபின்ச் பறவைகள் அதிகம் பிழைத்தன. பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அவர்கள் குழுவினரும் அதோடு நிற்கவில்லை. அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு வருகிறதா என்று தனியாக அளந்தார்கள், அடுத்த தலைமுறையின் அலகையும் அளந்தார்கள். உங்கள் செடியின் பூ எண்ணிக்கை மரபில் வருகிறதா என்று தெரியாத வரை, "தேர்வு இருக்கிறது" என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

14. எழுதுவதும் தரவைப் பொதுவில் வைப்பதும்

முறையியல் பகுதியைப் பருவம் நடக்கும்போதே எழுதத் தொடங்குங்கள். எந்த நாளில் எந்த ஜோடியை மழைக்காக விட்டீர்கள் என்பதெல்லாம் அப்போதுதான் சரியாக வரும். விட்டவற்றையும், ஏன் விட்டீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

2011ல் இத்துறையின் பல முன்னணி இதழ்கள் கட்டுரையோடு தரவையும் பொதுக் காப்பகத்தில் வைப்பதை நிபந்தனையாக்கின. டிரையாட், செனோடோ போன்றவை அதற்கு உதவும். அட்டவணையோடு ஒரு விளக்கக் கோப்பும் வையுங்கள். அதில் ஒவ்வொரு பத்தியின் பொருள், அலகு, விடுபட்டதற்கான குறி, இரண்டாவது படியில் எழுதிய வருகை விதி எல்லாம் இருக்க வேண்டும். அனுப்பும் முன், உங்கள் ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அந்த இரண்டு கோப்புகளை மட்டும் கொடுத்து முதல் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை விளக்கக் கோப்பில் சேர்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.